சுவரிலே பச்சை: வைக்கமுன் யோசிக்க வேண்டியவை



சென்ற மாத ஒலிபரப்பில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பல நேயர்கள் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். குறிப்பாகக் கொடிகளின் பிரெஞ்சுப் பெயர்களை எழுதி எடுக்க நேரம் போதவில்லை என்றார்கள். ஆகவே அந்த உரையைச் சற்று விரித்து இங்கே தருகின்றேன்.

வைகாசி பிறந்துவிட்டால் சனிக்கிழமைக் காலைகளில் ஜான்-டலோன் சந்தைக்குப் போகாமல் என்னால் இருக்க முடிவதில்லை. 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சந்தை அது. அக்காலத்தில் அதற்கு 'வடக்குச் சந்தை' என்று பெயர். சுற்றிவர இத்தாலியர்கள் குடியிருந்த இடம். பிறகு எத்தனையோ நாட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள், நாங்களும் வந்து சேர்ந்தோம். பனிக்காலத்தில் மூடிக்கட்டிக் கிடக்கும் அந்தச் சந்தை, உறைபனி விலகியதும் நாற்றுகளாலே நிறைந்துவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் சின்னச் சின்னச் சாடிகளில் வரிசையாக நிற்கும். ஊரில் கிணற்றடியில் பாத்தி கட்டிய கை சும்மா இருக்குமா?

அங்கேதான் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்காவைச் சந்தித்தேன். கொடி விற்கும் தட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு தனது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு கட்டடத்தின் சுவர் முழுவதும் அடியில் இருந்து முடிவரை செடி. சுவரே தெரியவில்லை.

"தம்பி, நீர் கட்டட வேலை பார்க்கிறனீர்தானே? இதை எங்கட வீட்டுப் பின்சுவரிலை வைக்கேலாதோ? மேல்மாடியிலை மாமி படுத்திருக்கிறா. வெயில் வந்தால் அந்த அறை அடுப்பு மாதிரி. மகன் ஒரு கொம்பனியிட்டை விலை கேட்டவன். அவங்கள் சொல்லுற காசுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். ஆனா மாமிக்குக் குளிர்மை எண்டால் செய்வம் எண்டு நிக்கிறான்."

அந்த இடத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் அல்ல இது. இருபது வருடங்களுக்கு மேலாகக் கட்டடப் பராமரிப்பு வேலையிலே இருப்பவன் என்ற முறையில், நான் கண்டதையும் அறிந்ததையும் ஒழுங்காகச் சொல்ல விரும்புகின்றேன்.

நாங்கள் அறிந்த பச்சைச் சுவர்

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உயிருள்ள சுவர் என்பது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் வளவைச் சுற்றிக் கதியால் போட்டவர்கள் நாங்கள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை. தடியை வெட்டி மாரி மழைக்குமுன் ஊன்றிவிட்டால் அது துளிர்த்து வேலியாகிவிடும். குழையை வெட்டி ஆட்டுக்குப் போடுவோம், தோட்டத்துக்குத் தாழ்ப்போம். வேலி என்றால் எல்லை மட்டுமா? அது நிழல், தீவனம், பசளை, காற்றுத் தடுப்பு எல்லாம்தான். அதற்கு மின்சாரமும் வேண்டாம், தண்ணீர்க் குழாயும் வேண்டாம், ஏனென்றால் அதன் வேர் மண்ணில் இருந்தது.

இந்த வேர் விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாக விளங்கும். கட்டடச் சுவரில் பச்சை வளர்ப்பதற்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, தரையில் கொடியை நட்டுச் சுவரில் ஏறவிடுவது. இதில் வேர் மண்ணில் இருக்கும். மற்றது, சுவரிலேயே பெட்டி அல்லது துணி பொருத்தி அதற்குள் செடிகளை நடுவது. இதில் வேர் அந்தரத்தில் இருக்கும். அக்கா காட்டிய படம் இரண்டாவது வகை. அதைச் செடிச்சுவர் என்று சொல்லுவோம்.

செடிச்சுவர் எப்படி இயங்குகின்றது?

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் நிலவடிவமைப்புப் பேராசிரியராக இருந்த ஸ்ரான்லி ஹார்ட் வைற் என்பவர் 1938ஆம் ஆண்டிலேயே இப்படியான ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் உலகம் அதைக் கவனிக்கவில்லை. உலகப் புகழாக்கியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பற்றிக் பிளாங். வெப்பமண்டலக் காடுகளில் பாறைகளிலும் நீர்வீழ்ச்சி ஓரங்களிலும் மண்ணே இல்லாமல் செடிகள் வளர்வதைக் கண்டு, அதே முறையைச் சுவரில் செய்து 1988இல் காப்புரிமை எடுத்தார். பாரிஸ் நகரில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கே பிரான்லி அருங்காட்சியகத்தின் சுவர் அவருடைய பெயர்பெற்ற வேலைகளில் ஒன்று. சுமார் 800 சதுர மீற்றர் பரப்பும் 15,000 செடிகளும் கொண்டது.

அவருடைய முறையில் முதலில் சுவரில் உலோகச் சட்டம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று இடைவெளி. சட்டத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்ரிக் தகடு. அதன் மேல் தடித்த செயற்கைத் துணி இரண்டு அடுக்கு. துணியில் வெட்டிய பைகளில் செடி. மேலே ஒரு குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் கரைத்த பசளையும் இறங்கும். கீழே வடிகால். செடியும் சட்டமும் உட்பட ஒரு சதுர மீற்றர் 30 கிலோவுக்குக் குறைவு என்பது அவருடைய கணக்கு. மண் போன்ற ஊடகம் நிரப்பிய பெட்டிகளைப் பொருத்தும் முறைகளும் உண்டு. அவை நனைந்தபின் இதைவிடக் கூடப் பாரம் இருக்கும்.

எங்கள் நாட்டிலும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவில் உள்ள குவெல்ப்-ஹம்பர் பல்கலைக்கழகக் கட்டடத்தின் உள்ளே நான்கு மாடி உயரத்துக்கு ஒரு செடிச்சுவர் 2004ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. மொன்றியல் நகர மையத்தில் சென்ற் கத்தரீன் தெருவில் 2011இல் திறக்கப்பட்ட 'மேசோன் டு டெவலப்மோன் டுராப்ள்' என்னும் சூழல்நேயக் கட்டடமும் உள்முற்றத்திலே செடிச்சுவரோடுதான் திறக்கப்பட்டது. இவை கட்டடம் வரையப்படும்போதே செடிக்கும் இடம் ஒதுக்கி, பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கிச் செய்யப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையில் குளிர்மை தருமா?

தரும். இரண்டு விதத்தில் தரும். முதலாவது நிழல். செங்கல் சுவர் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவு முழுவதும் அறைக்குள்ளே விடும். இரவு பதினொரு மணிக்கும் மேல்மாடி வேகுவதற்கு ஒரு காரணம் அதுதான். இலை மறைத்தால் செங்கலுக்கு வெயில் போகாது. இரண்டாவது, இலை வழியாகத் தண்ணீர் ஆவியாவது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக மாறுவதற்குச் சுமார் 0.68 கிலோவாற் மணி வெப்பம் செலவாகின்றது. அதாவது 1,000 வாற் மின்சூடாக்கி ஒன்று 40 நிமிடம் ஓடினால் தரும் வெப்பத்தை அந்த ஒரு லீற்றர் எடுத்துக்கொண்டு போகின்றது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான்.

இது சும்மா வசதிக்கான விடயம் அல்ல. 2018ஆம் ஆண்டு யூன் கடைசியிலும் யூலைத் தொடக்கத்திலும் வந்த வெப்ப அலையில் மொன்றியலில் மட்டும் 66 பேர் இறந்தார்கள் என்று பொதுச் சுகாதாரத்துறை கணக்கிட்டது. பெரும்பாலானவர்கள் முதியவர்கள், பெரும்பாலானவர்கள் தங்கள் வீட்டிலேயே இறந்தவர்கள். அந்த வாரம் என்னுடைய அம்மா பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தா. இரவில் யன்னலைத் திறந்தால் காற்று இல்லை, மூடினால் மூச்சு முட்டும். இரண்டாம் நாள் அவவை என்னுடைய வீட்டு நிலக்கீழ் அறைக்குக் கூட்டிவந்துவிட்டேன். கூட்டிவர ஆள் இல்லாத அம்மாமார் எத்தனை பேர் என்று பிறகுதான் யோசித்தேன். ஆகவே அக்காவின் மகன் மாமிக்காகப் பணம் செலவழிக்க நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எதில் செலவழிப்பது என்பதே கேள்வி.

ஒன்றை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம். வீட்டுக்குள் செடிச்சுவர் வைத்தால் காற்றுச் சுத்தமாகும் என்று விளம்பரம் செய்கின்றார்கள். 1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா செய்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு அறைகளில் செய்யப்பட்ட ஆய்வு. இப்படியான ஆய்வுகள் பலவற்றை 2019இல் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தபோது, சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்கின்ற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீற்றர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று தெரியவந்தது. வீட்டில் மனிதர் நடக்க இடம் இருக்காது. மின்விசிறி கொண்டு காற்றை வேர்ப்பகுதிக்குள் இழுத்து அனுப்பும் குவெல்ப்-ஹம்பர் போன்ற அமைப்புகள் வேறு வகை. சாதாரண அலங்காரச் செடிச்சுவர் அப்படி வேலை செய்யாது.

எங்கே பிழைக்கின்றது?

முதல் எதிரி தண்ணீர். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகக் கட்டடத்தின் வரவேற்பு மண்டபத்தில் அழகான செடிச்சுவர் ஒன்று இருந்தது. ஒரு நீண்ட வாரஇறுதியில் தண்ணீர்ப் பம்பி நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது பாதிச் சுவர் தலை தொங்கிக் கிடந்தது. மண்ணில் நிற்கும் செடி மூன்று நாள் தாங்கும், துணிக்குள் நிற்கும் செடி தாங்காது. செத்த செடிகளை மாற்றினார்கள். அடுத்த வருடம் வடிகால் அடைத்துக் கீழ்மாடிக் கூரையில் தண்ணீர் இறங்கியது. அதன்பின் சிறு கறுப்பு ஈக்கள் வந்தன. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் இலை பொருத்தினார்கள். அந்தப் பிளாஸ்ரிக் இலைகளுக்குத் தூசி தட்டியதும் நான்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அல்ல. லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் ஒரு சிறுவர் நிலையத்தின் வெளிச்சுவரில் 2006ஆம் ஆண்டு சுமார் ஒரு இலட்சம் பவுண் செலவில் அமைத்த செடிச்சுவர், 2009இல் முழுவதும் காய்ந்து போனது பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்தது.

இரண்டாவது, சுவரின் பலம். மொன்றியலில் எங்களவர்கள் வாங்கியிருக்கும் பழைய இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் பலவற்றில் வெளியே தெரியும் செங்கல் ஒரு மேற்போர்வை மட்டுமே. பாரத்தைத் தாங்குவது அதன் பின்னால் இருக்கும் மரம். நூறு வருடச் சாந்து உதிர்ந்துபோன செங்கலில் ஆணி அடித்துப் பாரமான பெட்டிகளைத் தொங்கவிட்டால் செங்கலும் சேர்ந்து வரும். அத்தோடு பின்னால் ஈரம் தங்கினால், பனிக்காலத்தில் அது உறைந்து விரிந்து, உருகி, திரும்ப உறைந்து செங்கலைப் பொருபொருவென்று உதிர்த்துவிடும்.

மூன்றாவது, எங்கள் பனிக்காலமே. பாரிஸில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் முறை இங்கே நிற்காது. நிலத்துக்குள் இருக்கும் வேருக்கு மண்ணும் பனிப்போர்வையும் காவல். சுவரில் தொங்கும் வேருக்கு எந்தக் காவலும் இல்லை. குழாய்த் தண்ணீரை ஐப்பசியில் முழுவதும் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். வசந்தத்தில் செடிகளில் ஒரு பகுதியை மாற்றவேண்டி வரும். இந்த ஆண்டுச் செலவை விலைப்பட்டியலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

நான்காவது, நெருப்பு. பச்சை இலை இலகுவில் எரியாது. ஆனால் காய்ந்த சருகும் பின்னால் இருக்கும் பிளாஸ்ரிக்கும் எரியும். 2018ஆம் ஆண்டு யூன் மாதம் லண்டனில் மண்டரின் ஓரியன்ரல் விடுதியில் தீப்பிடித்தபோது, உள்முற்றத்துச் செடிச்சுவர் மாடி மாடியாக எரிந்ததைத் தீயணைப்புப் படையினர் சொன்னார்கள். ஆகவே காய்ந்த செடிச்சுவரை அப்படியே விட்டுவைப்பது அசிங்கம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஐந்தாவது, பூச்சி. சீனாவின் செங்டு நகரில் மாடிக்கு மாடி செடி வைத்த 826 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு 2018இல் கட்டப்பட்டது. வீடுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தும், 2020இல் பத்துக் குடும்பம் அளவில்தான் குடிவந்திருந்தார்கள் என்று செய்தி வந்தது. செடி கட்டுக்கடங்காமல் வளர்ந்து நுளம்பு பெருகியதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. செடியில் குற்றம் இல்லை. வெட்டவும் பார்க்கவும் ஆள் இல்லாததுதான் குற்றம். இத்தாலியில் மிலான் நகரத்தின் 'பொஸ்கோ வேர்ட்டிக்காலே' என்ற இரட்டைக் கோபுரத்தில் 2014 முதல் மரங்களே நிற்கின்றன. அங்கே கயிற்றில் தொங்கிக்கொண்டு கத்தரிக்கும் தொழிலாளர்கள் இருக்கின்றார்கள். அவர்களுடைய சம்பளத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பச்சை.

இராஜகிரியவில் ஒரு கட்டடம்

இலங்கையில் இருந்தும் ஒரு நல்ல உதாரணம் சொல்ல முடியும். கொழும்புக்குப் பக்கத்தில் இராஜகிரியவில் 'கிளியர்பொயின்ற்' என்னும் 46 மாடிக் குடியிருப்பு உண்டு. கட்டடக் கலைஞர் மில்றோய் பெரேராவின் நிறுவனம் வடிவமைத்தது. ஒவ்வொரு மாடியையும் சுற்றி அகலமான விறாந்தையும், அதன் ஓரத்தில் செடித் தொட்டிகளும் இருக்கின்றன. அங்கே செடி சுவரில் ஒட்டவில்லை. மண் நிரப்பிய தொட்டியில் நிற்கின்றது. தொட்டியின் பாரம் முதலிலேயே கணக்கிடப்பட்டுச் சீமெந்துத் தளம் போடப்பட்டது. கொழும்பில் உறைபனியும் இல்லை, மழைக்கும் குறைவில்லை. அதே படத்தைக் கொண்டுவந்து ஜான்-டலோனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பழைய செங்கல் வீட்டில் ஒட்ட முடியாது. ஆனால் அதில் இருந்து எடுக்கக்கூடிய பாடம் உண்டு: வேருக்கு முதலில் மண்ணைக் கொடு.

எங்கள் வீடுகளுக்கு எது சரி?

இனி அக்காவுக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகின்றேன். அந்தப் பெரிய தொகையை விட்டுவிடுங்கள். தரையில் நட்டு ஏறவிடும் கொடியே எங்களுக்குப் பொருத்தம். அதுதான் எங்கள் கதியால் வேலியின் முறை.

முதலில் எந்தச் சுவர் என்று பாருங்கள். தெருப் பலகையை நம்பாதீர்கள். மொன்றியல்வாசிகள் 'வடக்கு' என்று சொல்வது உண்மையில் வடமேற்கை ஒட்டிய திசை, 'மேற்கு' என்பது தென்மேற்கை ஒட்டியது. ஆனி மாத மாலையில் சென்-லோரான் வீதியில் நின்று பார்த்தால் சூரியன் 'வடக்கே' இறங்குவதைக் காணலாம். அதனால் 'வடக்குச் சுவர்தானே' என்று விட்ட சுவரில் மாலை வெயில் நேராக அடிக்கும். வெயில் நாளொன்றில் பின்னேரம் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் வெளியே வந்து எந்தச் சுவரில் வெயில் நிற்கின்றது என்று கண்ணால் பாருங்கள். கொடி அங்கேதான் வேண்டும்.

சந்தையில் 'பிளான்ற் கிரம்பான்ற்' என்று கேட்டால் ஏறு கொடிகளைக் காட்டுவார்கள். எங்களுக்கு உதவக்கூடியவை நான்கு.

'விஞ் வியேர்ஜ்' என்பது ஐந்து இலைக் கொடி. இந்த மண்ணுக்கே உரியது, கடும் குளிரைத் தாங்கும், மூன்று மாடிக்கும் ஏறும். இலையுதிர் காலத்தில் செக்கச் சிவந்து, பிறகு இலையெல்லாம் கொட்டிவிடும். அதுவும் நல்லதுதான், ஏனென்றால் பனிக்காலத்தில் சுவருக்கு வெயில் வேண்டும். ஆனால் அதன் கருநீலப் பழங்கள் குருவிக்கு உணவு, மனிதருக்கு நஞ்சு. சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

'விஞ்' என்று மட்டும் சொன்னால் திராட்சை. சந்தையைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் இத்தாலியப் பெரியவர்கள் போட்ட திராட்சைப் பந்தல்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். 'ஊப்லோன்' என்ற கொடி பனிக்காலத்தில் நிலம்வரை செத்து, வசந்தத்தில் திரும்ப முளைத்து ஒரே கோடையில் மேலே போகும். வெயில் குறைந்த சுவருக்கு 'ஐட்ரான்ஜா கிரம்பான்' என்ற வெள்ளைப்பூக் கொடி உண்டு, ஆனால் அது மெதுவாக வளரும். எதை வாங்கினாலும் சீட்டில் குளிர் வலய எண் 4 அல்லது அதற்குக் குறைவாக இருக்கின்றதா என்று பாருங்கள்.

சுவரில் நேரே ஒட்டவிட வேண்டாம். சாந்து உதிர்ந்த பழைய செங்கலில் ஒட்டிய கொடியைப் பிறகு இழுத்தால் தடயமும் பெயின்றும் சேர்ந்து வரும். சுவரில் இருந்து ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் தள்ளிக் கம்பித் தட்டி பொருத்தி அதில் ஏற்றுங்கள். இடையில் காற்று ஓடும், ஈரம் தங்காது, சுவர் திருத்த வேண்டிவந்தால் தட்டியோடு விலக்கலாம். சுவரில் இருந்து ஒரு அடி தள்ளிக் குழி வெட்டிப் பழைய மாட்டெருக் கலந்து நடுங்கள். முதல் இரண்டு கோடைக்கும் வாரம் ஒரு முறையாவது ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு அது தன்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். வருடத்தில் ஒரு முறையாவது கத்தரித்து யன்னல், பீலி, மின்சார மீற்றர், கம்பிகள், வெளிமாடிப்படி ஆகியவற்றில் ஏறவிடாமல் பாருங்கள். வெளிமாடிப்படி என்பது தீவிபத்தில் ஓடுகின்ற வழி, அதை மறைக்கவே கூடாது.

வாடகை வீடு என்றால் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கூட்டுக் குடியிருப்பு என்றால் நிர்வாகக் குழுவிடம் கேளுங்கள். சொந்த வீடு என்றாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊரில் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காகத் தலைமுறையாகக் கதைக்காமல் இருந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். அந்த வேலிச் சண்டையைக் கனடாவரைக்கும் கொண்டுவர வேண்டாம்.

மண்ணே இல்லாத விறாந்தைக்காரர்களுக்கும் வழி உண்டு. 40 லீற்றருக்குக் குறையாத தொட்டியில் பாகல், புடோல், பயற்றை, கொடிப்பசளி போட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். சித்திரையில் வீட்டுக்குள் யன்னலோரம் முளைக்கவைத்து, வைகாசிக் கடைசியில் உறைபனி போனபின் வெளியே வையுங்கள். கோடை நடுவில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் வேண்டும். ஈரமான தொட்டி பாரம் என்பதால் விறாந்தையில் கணக்கில்லாமல் அடுக்காதீர்கள். நிழலும் கறியும் ஒன்றாகக் கிடைக்கும்.

உதவியும் இருக்கின்றது. மொன்றியலில் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய 'றுவெல் வேர்ட்', அதாவது பச்சை ஒழுங்கைத் திட்டத்தின்கீழ், அயலவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தால் பின்ஒழுங்கையில் தார் உடைத்து மண் போட்டுச் செடி நட உள்ளூர் நிர்வாகம் உதவும். சந்தை இருக்கும் ரோஸ்மொன்-லா பெற்றிற்-பற்ரி பகுதியில் 2011 முதல் புதிய கூரைகள் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. மாமியின் அறைக்கு மேலே கறுப்புக் கூரை இருந்தால், அடுத்த முறை கூரை மாற்றும்போது அதை வெள்ளையாக்குவது கொடியைவிடவும் கூடப் பயன் தரலாம்.

கடைசியாக ஒன்று. கொடி யன்னல்வரை ஏற மூன்று, நான்கு வருடம் எடுக்கும். இந்தக் கோடைக்கு மாமியை அது காப்பாற்றாது. ஆகவே இப்போதைக்கு வெயில் சுவர் யன்னலுக்கு வெளிப்பக்கமாகத் திரை போடுங்கள், முடிந்தால் ஒரு அறைக்காவது குளிரூட்டி வையுங்கள், கடும் வெயில் நாளில் அவரை நூலகம் போன்ற குளிரூட்டிய இடத்துக்குக் கூட்டிப் போங்கள். தலைச்சுற்று, மயக்கம் போலத் தெரிந்தால் 811க்கு அழைத்துத் தாதியிடம் கேளுங்கள், நினைவு தடுமாறினால் உடனே 911. தனியே இருக்கும் பெரியவர்கள் உங்கள் கட்டடத்தில் இருந்தால் காலையும் மாலையும் கதவைத் தட்டிப் பாருங்கள்.

அக்கா அன்று இரண்டு 'விஞ் வியேர்ஜ்' சாடிகள் வாங்கினார். மகனின் காசு மாமியின் அறைக்குக் குளிரூட்டியாகவும், மிச்சம் கூரைக்காக வங்கியிலும் இருக்கின்றது என்று பிறகு சொன்னார்.

என்னுடைய அம்மாவின் கட்டடத்தில், சொந்தக்காரரின் கடிதம் வாங்கி, 2019 வசந்தத்தில் பின்பக்கத்து வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில் இருந்த ஒரு முழ மண்ணில் நான் ஒரு கொடி நட்டேன். முதல் வருடம் முழங்கால் உயரம்கூட வரவில்லை. 2022 கோடையில் மூன்றாம் மாடி யன்னலைத் தொட்டது. இப்போது பின்னேரத்தில் இலை மூடிய செங்கலில் கை வைக்கலாம், பக்கத்து வெறும் செங்கலில் வைக்க முடியாது. அம்மா அதைக் கொடி என்று சொல்வதில்லை. "வேலி இந்த வருசம் நல்லாத் தளைச்சிருக்கு, வந்து வெட்டிவிடு" என்று தொலைபேசி எடுப்பா.

கத்தரியோடு போகவேண்டிய நாள் வந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள், அடுத்த உரையில் பதில் சொல்கின்றேன்.